பத்தாவது படிக்கிற பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா என்ன பண்ணணும்?

தை பொறந்துட்டா போதும், எனக்கு ஒரே மாதிரி போன் வர ஆரம்பிச்சிரும். "அக்கா, என் கிளாஸ் பொண்ணு நாலு நாளா வரல, வீட்டு முன்னாடி பந்தக்கால் நட்டிருக்காங்களாம், நான் இப்ப என்ன பண்றது?" கேக்குறவங்க பெரும்பாலும் புதுசா வேலைக்குச் சேந்த டீச்சரா இருப்பாங்க, இல்லேன்னா அங்கன்வாடி அக்கா, லா காலேஜ் பசங்க, சில சமயம் பக்கத்து வீட்டுல குடியிருக்குற யாரோ. எல்லாருக்கும் ஒரே பயம், ஒரே குழப்பம். நான் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ரொம்ப வருஷமா கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்களோட சேந்து ஓடிக்கிட்டு இருக்கேன், போன்ல அரைகுறையா சொல்றத ஒரே இடத்துல எழுதி வச்சிரலாம்னுதான் இது.

ஒண்ண முதல்லயே சொல்லிடுறேன். முகூர்த்தத்தன்னிக்குப் போய் கல்யாணத்த நிறுத்துறது இந்த வேலைல பாதி கூட கிடையாது. அதுக்கு முன்னாடி ஒரு மாசம், அதுக்கு அப்புறம் அந்தப் பொண்ணுக்கு 18 முடியுற வரைக்கும் ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ, அங்கதான் உண்மையான வேலை இருக்கு. நிறுத்திட்டு போட்டோ எடுத்துட்டு வந்துட்டா ஆறே மாசத்துல வேற ஊர்ல அதே பொண்ணு கழுத்துல தாலி ஏறிடும், நான் பாத்திருக்கேன்.

சட்டம் என்ன சொல்லுது, சுருக்கமா

2006ல வந்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டம்தான் இப்ப நம்ம கையில இருக்கறது, 2007 நவம்பர் 1ல இருந்து நடைமுறைல இருக்கு. பொண்ணுக்கு 18 முடியணும், பையனுக்கு 21 முடியணும். அதுக்கு முன்னாடி 1929ல சாரதா சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, அதுல பொண்ணுக்கு 14, பையனுக்கு 18 தான், 1978ல அத 18, 21ன்னு ஏத்துனாங்க. அப்ப சட்டம் போட்டு கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகப்போகுது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல 20ல இருந்து 24 வயசுக்குள்ள இருக்குற பொண்ணுங்கள்ல 18க்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்க நாடு முழுக்க 23.3 சதவீதம், தமிழ்நாட்டுல 12.8 சதவீதம். "நம்ம ஊர்லயெல்லாம் இது இல்லப்பா"ன்னு டவுன்ல இருக்குறவங்க சொல்லும்போது எனக்கு வயிறு எரியும், எட்டுல ஒரு பொண்ணுங்க, ஒரு கிளாஸ்ல நாப்பது பொண்ணுங்க இருந்தா அஞ்சு பேரு.

யார் யார் மாட்டுவாங்கன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க, பேசும்போது உதவும். 18 தாண்டுன மாப்பிள்ளை, நடத்தி வக்கிறவங்க, பெத்தவங்க, பொறுப்புல இருக்குற சொந்தக்காரங்க, எல்லாருக்கும் ரெண்டு வருஷம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். பொம்பளைங்களுக்கு மட்டும் இந்தச் சட்டத்துல ஜெயில் கிடையாது. போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது பண்ணலாம், ஜாமீன்ல விட முடியாத குற்றம். இத ஏன் சொல்றேன்னா, ஒரு தடவ ஒரு ஸ்டேஷன்ல என்னைய "இதெல்லாம் குடும்ப விஷயம்மா, நாங்க வர முடியாது"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, அப்ப எனக்கு இது தெரியாது, தெரிஞ்சிருந்தா அங்கயே உக்காந்திருப்பேன்.

இன்னொண்ணு, ரொம்ப பேரு தப்பா நினைக்கிறது: 18க்கு முன்னாடி நடந்த கல்யாணம் தானா செல்லாமப் போயிரும்னு. தமிழ்நாட்டுல அப்படி இல்ல. அந்தப் பொண்ணு கோர்ட்டுக்குப் போய் ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கணும், கேக்குற வரைக்கும் அது கல்யாணம்தான். ஆள் கடத்தலா, மிரட்டிக் கூட்டிட்டுப் போனதா இருந்தா அது வேற, அது ஆரம்பத்துல இருந்தே செல்லாது. பக்கத்துல கர்நாடகால 2016ல திருத்தம் கொண்டுவந்து அங்க நடக்குற எல்லா குழந்தைக் கல்யாணமும் செல்லாதுன்னு ஆக்கிட்டாங்க. அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வேலை பாக்குறவங்க இத மனசுல வச்சுக்கங்க, அங்க பொண்ணு எடுக்குறதும் குடுக்குறதும் பாதி எல்லைக்கு அந்தப் பக்கம்தான்.

முதல் வேலை: காதைத் தீட்டி வச்சுக்கறது

யாரும் உங்ககிட்ட வந்து பத்திரிகை வச்சுட்டு "என் பொண்ணுக்கு 15 வயசு"ன்னு சொல்ல மாட்டாங்க. அடையாளங்கள நீங்கதான் பாக்கணும். டீச்சரா இருந்தா வருகைப் பதிவேடுதான் உங்க கண்ணு. நல்லா வந்துட்டு இருந்த பொண்ணு திடீர்னு வாரத்துல ரெண்டு நாள் வரல, அப்புறம் ஒரு வாரம் வரல, கேட்டா "பாட்டிக்கு உடம்பு சரியில்ல". நடு வருஷத்துல டிசி கேட்டு அப்பா வர்றாரு. தோழிங்க ஒருத்தரையொருத்தர் இடிச்சுக்கிட்டு சிரிக்குறாங்க. ஜாக்கெட் அளவு குடுக்கப் போனாளாம். சடங்கு சுத்துறப்பவே தாய்மாமன் வீட்டுல பேசி தட்டு மாத்திட்டாங்களாம். இதுல எது காதுல விழுந்தாலும் அன்னிக்கே விசாரிக்க ஆரம்பிங்க.

சீசனும் தெரிஞ்சிருக்கணும். எங்க பக்கம் பொங்கல் முடிஞ்சதும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பம் குடும்பமா கிளம்பிப் போவாங்க, முன்பணம் வாங்கியிருப்பாங்க, போகாம இருக்க முடியாது. வயசுக்கு வந்த பொண்ண யார்கிட்ட விட்டுட்டுப் போறது? கூட்டிட்டுப் போனா சூளைல கதவு இல்லாத குடிசை, விட்டுட்டுப் போனா கிழவி ஒருத்தி காவல். "வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு எத்தன நாளைக்குமா இருக்கறது"ன்னு ஒரு அம்மா என்கிட்ட கேட்டாங்க, எனக்கு அன்னிக்கு பதில் வரல. அடுத்தது பத்தாவது பரீட்சை முடிஞ்ச கையோட, சித்திரை வைகாசில. ஃபெயில் ஆயிட்டா இன்னும் வேகம். பொண்ணு எவனோடயோ பேசுறான்னு ஊர்ல ஒரு வார்த்தை கிளம்பிருச்சுன்னா அதுக்கு சீசனே வேணாம், பத்து நாள்ல மாப்பிள்ளை பாத்து முடிச்சிருவாங்க.

இத எல்லாம் ஏன் இவ்ளோ சொல்றேன்னா, பெத்தவங்கள நீங்க எதிரி மாதிரி பாத்துட்டுப் போனா வேலை நடக்காது. அவங்க பயந்துபோய் இருக்காங்க. அந்தப் பயம் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சாதான் பேச முடியும்.

வயசை உறுதி பண்ணுங்க, வீட்டுல கேக்காம

இங்கதான் புதுசா வர்றவங்க சறுக்குவாங்க. வீட்டுக்கே போய் "பொண்ணுக்கு எத்தன வயசு"ன்னு கேட்டுருவாங்க. "பதினெட்டு நடக்குதுங்க"ன்னு பதில் வரும். நம்ம ஊர்ல பதினெட்டு நடக்குதுன்னா பதினேழுதான் முடிஞ்சிருக்குன்னு அர்த்தம், சட்டத்துக்கு வேண்டியது பதினெட்டு முடிஞ்சிருக்கணும். இந்த ஒரு வார்த்தைல ஏமாந்து திரும்பி வந்தவங்க நிறைய பேரு. அதவிட மோசம், நீங்க கேட்டுட்டு வந்த அன்னிக்கு ராத்திரியே பொண்ண வேற ஊருக்கு அனுப்பிடுவாங்க.

ஸ்கூல் ரெக்கார்டுதான் முதல்ல. இளைஞர் நீதிச் சட்டம் 2015ல 94வது பிரிவு தெளிவா வரிசை போட்டிருக்கு: ஸ்கூல் குடுத்த பிறந்த தேதிச் சான்று இல்லேன்னா பத்தாவது சர்டிபிகேட், அது இல்லேன்னா பஞ்சாயத்து, நகராட்சி, மாநகராட்சி குடுத்த பிறப்புச் சான்றிதழ், ரெண்டுமே இல்லாதப்பதான் எலும்பு பரிசோதனை. ஆதார் இந்த வரிசைலயே கிடையாது. ஆதார்ல சொன்ன தேதிய போட்டுக்குவாங்க, மாத்தவும் செய்வாங்க, அதக் காட்டி "பாருங்க மேடம் 18 முடிஞ்சிருச்சு"ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. ஜாதகத்தையும் அப்படித்தான், ஜாதகத்துல ஒரு வருஷம் கூட்டி எழுதி எடுத்துட்டு வந்தத என் கையாலயே வாங்கிப் பாத்திருக்கேன், மை கூட காயல.

நீங்க ஸ்கூல்ல வேலை பாக்காதவங்களா இருந்தா ஹெச்.எம்.மைப் பாருங்க. அவர் தயங்குனாருன்னா வற்புறுத்த வேணாம், குழந்தைகள் உதவி எண் 1098ல சொல்லுங்க, அவங்க கேட்டா ஸ்கூல் குடுத்தாகணும். வயசு நூத்துக்கு நூறு தெரியணும்னு காத்திருக்கவும் வேணாம், சந்தேகம் இருந்தா போதும், சொல்லிடலாம், சரிபாக்குறது அவங்க வேலை.

பொண்ணுகிட்ட பேசுங்க

முடிஞ்சா தனியா. அம்மா பக்கத்துல நிக்கும்போது "உனக்கு இஷ்டமா கண்ணு"ன்னு கேட்டா அவ என்ன சொல்லுவா? தலையாட்டுவா. ஸ்கூல்ல வச்சு, தண்ணி குடிக்கப் போற இடத்துல, கோயில்ல, எங்க பேச முடியுமோ அங்க. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணாதீங்க, ஏன்னா நீங்க சொல்லித்தான் ஆகணும். அதுக்குப் பதிலா "நீ சொன்னன்னு யாருக்கும் தெரியாது"ன்னு சொல்லுங்க, அத காப்பாத்தவும் செய்யுங்க. 1098ங்கற நம்பரை அவ நோட்டுல கடைசிப் பக்கத்துல கணக்கு மாதிரி எழுதிக் குடுக்கலாம். கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னா எந்த ஊருக்கு, யார் வீட்டுக்குன்னு தோழிக்குத் தெரியணும், அத இப்பவே பேசி வச்சிருங்க.

சில பொண்ணுங்க "எனக்குச் சம்மதம்தான்கா"ன்னு சொல்லுவாங்க. புதுப் புடவை, நகை, வீட்டுல எல்லாரும் தன்னையே பாக்குறாங்கங்கற சந்தோஷம், 15 வயசுல வேற என்ன தோணும். சம்மதம்னு சொன்னாலும் சட்டம் மாறாது, நீங்களும் மாற வேணாம், ஆனா அவள திட்டாதீங்க.

லவ் கேஸ் கொஞ்சம் கஷ்டமானது. 16, 17 வயசுப் பொண்ணு தானே கிளம்பிப் போய் கோயில்ல தாலி கட்டிக்கிறது, பையனுக்கும் 19 தான் இருக்கும். இதுவும் குழந்தைக் கல்யாணம்தான், போக்ஸோவும் (குழந்தைகள் மேல நடக்குற பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) சேந்து வரும், பையன் ஜெயிலுக்குப் போவான். அதனால முன்னாடியே ரெண்டு பேருகிட்டயும் உக்காந்து பேசுங்க, "காத்திருங்க, 18ம் 21ம் முடியட்டும், அதுக்கப்புறம் உங்கள யாராலயும் தடுக்க முடியாது"ன்னு. இந்தப் பேச்சு போலீஸ் வந்ததுக்கு அப்புறம் பேசுறதுல பிரயோஜனமே இல்ல.

போன் பண்றது: யாருக்கு, என்னன்னு

முதல்ல 1098. குழந்தைகள் உதவி எண், காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பாங்க. உங்க பேரச் சொல்ல வேணாம்னா சொல்ல வேணாம். விடிஞ்சா கல்யாணம்ங்கற நிலைமைன்னா 112ம் சேத்து அடிங்க. பொண்ணே பேசுறான்னா 181 மகளிர் உதவி எண்ணும் இருக்கு.

அடுத்து மாவட்ட சமூக நல அலுவலர். தமிழ்நாட்டுல குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் அவங்கதான், சட்டப்படி இது அவங்க பொறுப்பு. ஒன்றியத்துல அவங்களுக்குக் கீழ விரிவாக்க அலுவலர், ஊர்நல அலுவலர்னு இருப்பாங்க, அந்த ஊர்நல அலுவலர் அக்கா நம்பர் உங்க போன்ல கண்டிப்பா இருக்கணும், ஏன்னா நேர்ல முதல்ல வந்து நிக்கிறது அவங்கதான்.

பேசும்போது பதட்டப்படாம இதெல்லாம் சொல்லணும், முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க: பொண்ணு பேரு, அப்பா பேரு, எந்த ஸ்கூல், எத்தனாவது. ஊரு மட்டும் சொன்னா பத்தாது, எந்தக் கொட்டாய் (அதாவது சின்னக் குடியிருப்பு), எந்தத் தெரு, பக்கத்துல என்ன அடையாளம் (எங்க பக்கம் ஒரே பஞ்சாயத்துல இருபது கொட்டாய் இருக்கும், ஜீப் ராத்திரில சுத்திக்கிட்டே இருக்கும்). முகூர்த்தம் எத்தன மணிக்கு, வீட்டுலயா மண்டபத்துலயா கோயில்லயா. மாப்பிள்ளை யாரு, எந்த ஊரு, என்ன வயசு. முதல் நாள் ராத்திரி பொண்ணழைப்பு இருக்கா. சொல்லி முடிச்சதும் எத்தன மணிக்கு யார்கிட்ட பேசுனோம்னு குறிச்சுக்கோங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு திரும்பக் கூப்பிட்டு என்ன ஆச்சுன்னு கேளுங்க. தொந்தரவு குடுக்குறோமேன்னு நினைக்காதீங்க.

எப்ப சொல்றதுங்கறதும் முக்கியம். ஒரு வாரம் முன்னாடி தெரிஞ்சா ஒரு வாரம் முன்னாடியே சொல்லிடுங்க. மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்து, அரிசி மூட்டை இறக்கி, சொந்தக்காரங்க எல்லாம் வந்து இறங்குனதுக்கு அப்புறம் போய் நிறுத்துனா அந்தக் குடும்பம் கடன்ல மூழ்கும், அந்தக் கோவம் முழுக்க பொண்ணு மேல திரும்பும். தேதி குறிக்கிறதுக்கு முன்னாடியே பேசி நிறுத்துனதுதான் எனக்குத் தெரிஞ்சு நல்லபடியா நின்னதெல்லாம்.

அதிகாரிங்க வர்ற அன்னிக்கு

ஊர்நல அலுவலர், வி.ஏ.ஓ., ஸ்டேஷன்ல இருந்து ஒருத்தர் ரெண்டு பேர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல இருந்து ஒருத்தர், இப்படி சேந்து வருவாங்க. நீங்க அந்த ஊர்க்காரங்களா இருந்தா கூடப் போகாதீங்க. நாளைக்கும் அதே குழாயடில நிக்கணும்ல.

கூடப் போற வேலைல இருக்குறவங்களுக்கு ஒரு விஷயம். ஒரு ஊர்ல நாங்க போனப்ப வாசல்ல பிளக்ஸ் கட்டியிருந்தாங்க, மணப்பொண்ணு பேரு போட்டு, அந்தப் பேருக்கு 20 வயசு ஆனதுக்கு டிசி, பத்தாவது மார்க் ஷீட் எல்லாம் ரெடியா ஒரு மஞ்சப் பையில வச்சிருந்தாங்க, அப்பா எடுத்து நீட்டுறாரு. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. கிளம்பப் போறோம், அப்ப அடுப்படிப் பக்கம் சாம்பார் வாளியோட ஒரு பொண்ணு குறுக்க போச்சு, கால்ல மெட்டி. பேரு கேட்டேன். பிளக்ஸ்ல இருக்குற அதே பேரு. அவளுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே கல்யாணம் ஆயிருந்துச்சு. உள் ரூம்ல ஈரத் தலையோட, கை நிறைய மருதாணி வச்சு உக்காந்திருந்தது தங்கச்சி, ஒன்பதாவது. அன்னில இருந்து எங்க டீம் ஒரு பழக்கம் வச்சிருக்கோம், பேப்பர் எதுவா இருந்தாலும் சரி, மணப்பொண்ண நேர்ல பாத்து, பேசி, ஸ்கூல் போட்டோவோட ஒத்துப் பாத்துட்டுத்தான் கிளம்புறது.

பெரும்பாலும் என்ன நடக்கும்னா, பெத்தவங்ககிட்ட "18 முடியுற வரைக்கும் கல்யாணம் பண்ண மாட்டோம்"னு எழுதி வாங்கிட்டு வந்துருவாங்க. அது தேவைதான், ஆனா அத மட்டும் நம்பாதீங்க. அந்தப் பேப்பர் மை காயறதுக்குள்ள விடியக்காலை மூணு மணிக்கு குலதெய்வம் கோயில்ல வச்சு தாலி கட்டிடறது நடக்குது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கமும் எழுதி வாங்கச் சொல்லுங்க, மாப்பிள்ளை ஊர் வேற மாவட்டம்னா அந்த மாவட்டத்துக்கும் தகவல் போகணும். நிலைமை மோசம்னு தோணுனா நீதித்துறை நடுவர் கோர்ட்டுல தடை உத்தரவு வாங்கலாம், குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துல 13வது பிரிவு. தடுப்பு அலுவலர் போடலாம், தகவல் தெரிஞ்ச யார் வேணா போடலாம், அவசரம்னா எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் இல்லாமலே இடைக்காலத் தடை குடுக்கலாம். இதுல ஒரு பெரிய பலம் இருக்கு, தடை உத்தரவ மீறி நடந்த கல்யாணம் ஆரம்பத்துலயே செல்லாது. இவ்ளோ நல்ல ஆயுதத்த ரொம்பக் கம்மியாத்தான் எடுக்குறாங்கங்கறது என் ஆதங்கம், தயவுசெஞ்சு கேளுங்க.

போட்டோ எடுக்காதீங்க. வாட்ஸப் குரூப்ல போடாதீங்க. பொண்ணு பேரு, ஸ்கூல், முகம் எதையும் வெளில சொல்றது சட்டப்படியே குற்றம், அது போக அவ அந்த ஊர்லதான் வாழணும்.

நிறுத்துன அடுத்த நாள்ல இருந்து

கல்யாண ஆபத்துல இருக்குற குழந்தைய "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுற குழந்தை"ன்னு இளைஞர் நீதிச் சட்டம் சொல்லுது. வீட்டுல விட்டா ஆபத்துன்னா 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழு முன்னாடி கூட்டிட்டுப் போகணும், ஹோம்ல (குழந்தைகள் இல்லம்) வக்கிறதா வீட்டுக்கு அனுப்புறதான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. ஹோம்னா பொண்ணுங்க பயப்படுவாங்க, ஜெயில் மாதிரின்னு யாராவது சொல்லி வச்சிருப்பாங்க. கூடவே போங்க, ஒரு செட் மாத்துத் துணி, அவளோட ஸ்கூல் பை, ரெண்டையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க. அந்த பை ரொம்ப முக்கியம்.

மஞ்சப் பை வீட்டுத் தங்கச்சி கதைய முடிச்சுடறேன். பதினொரு நாள் கழிச்சு ஸ்கூலுக்கு வந்தா. வெயில் கொளுத்துற மாசி கடைசி, யூனிஃபார்ம் சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்து விட்டுட்டு கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தா, மருதாணி இன்னும் போகல, அத மறைக்கத்தான். மதியம் சாப்பிடுறப்ப கைய மடில வச்சுக்கிட்டு சாப்பிடவே இல்ல. அவ கிளாஸ் டீச்சர் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல, அடுத்த நாள் அவங்களும் ரெண்டு கையிலயும் மருதாணி வச்சிட்டு வந்தாங்க, கூட நாலஞ்சு பொண்ணுங்களும். எந்த பயிற்சிலயும் இத சொல்லித் தரல.

இதுக்கு அப்புறம் மாசம் ஒரு தடவையாவது அந்த வீட்டுக்குப் போகணும். மிரட்ட வேணாம். சும்மா போய் டீ குடிச்சுட்டு வாங்க. போகும்போது கையில ஏதாவது ஒரு வழியோட போங்க. அப்பா அம்மா சூளைக்குப் போறாங்கன்னா கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா உண்டு உறைவிடப் பள்ளி, ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்பட்டோர் நல விடுதி, எதுல இடம் இருக்குன்னு விசாரிச்சு, விண்ணப்பத்த நீங்களே பூர்த்தி பண்ணிக் குடுங்க. பஸ் இல்லாம நின்ன பொண்ணா, அதுக்கு என்ன வழின்னு பாருங்க. படிப்பு சம்பந்தமா கேக்க பள்ளிக்கல்வி உதவி எண் 14417 இருக்கு. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளில படிச்ச பொண்ணு காலேஜோ ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ சேந்தா மாசம் 1000 ரூபாய் அவ பேங்க் அக்கவுண்ட்லயே வருது, புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது. "இன்னும் மூணு வருஷம் போனா மாசம் ஆயிரம் வரும்"ங்கறது சட்டத்த விட நல்லா வேலை செய்யுது, எனக்கு இதுல வெக்கமே இல்ல, காசுக் கஷ்டத்துல இருக்குற வீட்டுல காசைப் பத்தித்தான் பேசணும்.

ஏற்கனவே கல்யாணம் ஆயிருச்சுன்னா

"முடிஞ்சு போச்சேக்கா, இனி என்ன"ன்னு விட்டுடாதீங்க. 18 முடிஞ்சு ரெண்டு வருஷத்துக்குள்ள, அதாவது 20 முடியறதுக்குள்ள, அவ மாவட்ட நீதிமன்றத்துல இல்லேன்னா குடும்ப நல கோர்ட்டுல மனு போட்டு கல்யாணத்த ரத்து பண்ணலாம். இன்னும் 18 ஆகலைன்னா பாதுகாவலரோ நெருங்கின ஒருத்தரோ தடுப்பு அலுவலரோட சேந்து அவளுக்காகப் போடலாம். ரத்து ஆனா ரெண்டு பக்கமும் வாங்குன பணம், நகை திருப்பிக் குடுக்கணும், அவளுக்கு மறுபடி கல்யாணம் ஆகுற வரைக்கும் ஜீவனாம்சமும் தங்க இடமும் கேக்கலாம். குழந்தை பொறந்திருந்தா அந்தக் குழந்தைக்கு எந்த உரிமையும் போகாது, சட்டப்படியான வாரிசுதான். வக்கீலுக்கு காசு வேணாம், 15100க்கு போன் பண்ணி இலவச சட்ட உதவி கேளுங்க. 2012ல ராஜஸ்தான் ஜோத்பூர்ல, ஒரு வயசுல கட்டி வச்ச கல்யாணத்த 18 வயசுல ஒரு பொண்ணு ரத்து பண்ணி வாங்குனா. நம்ம பொண்ணுங்ககிட்ட இத நான் சொல்றப்ப அவங்க கண்ணு விரியும், இப்படி ஒரு வழி இருக்குன்னே யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

18 முடியாத மனைவியோட உறவு வச்சா அது பாலியல் வன்புணர்வுன்னு 2017 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா இப்ப இருக்குற பாரதிய நியாய சன்ஹிதாலயும் அப்படியேதான் இருக்கு. அதனால சின்னப் பொண்ணு கர்ப்பமா ஆஸ்பத்திரிக்கு வந்தா டாக்டர் போலீஸுக்குச் சொல்லியே ஆகணும். இந்தப் பயத்துல நிறைய வீட்டுல செக்கப்புக்கே கூட்டிட்டு வர்றதில்ல, வீட்டுலயே பிரசவம் பாக்குறாங்க, 16 வயசு உடம்பு, ரத்தமே இருக்காது. உங்களுக்கு அப்படி ஒரு பொண்ணு தெரிஞ்சா முதல்ல அவ உயிரு, நர்ஸக்காகிட்ட சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, கேஸ் எப்படியும் அதுக்கு அப்புறம்தான். சிகிச்சை குடுக்க மாட்டேன்னு யாரும் சொல்ல முடியாது. தாலி கட்டுன பொண்ணு ஸ்கூலுக்கு வரக்கூடாதுன்னும் எந்தச் சட்டமும் இல்ல, பரீட்சை எழுத வைங்க, தனித்தேர்வராவாவது.

அடுத்த சீசனுக்கு முன்னாடி

மார்கழில கல்யாணம் இருக்காது, அப்பதான் நமக்கு நேரம். மண்டபம் வச்சிருக்குறவர், ஐயர், கோயில் பூசாரி, சமையல்காரர், பிளக்ஸ் அடிக்கிறவர், பத்திரிகை அடிக்கிற பிரஸ், போட்டோக்காரர், எல்லாரையும் ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க. "தெரிஞ்சே நடத்தி வச்சா உங்களுக்கும் ரெண்டு வருஷம்ணே"ன்னு அமைதியா சொல்லிட்டு, அட்வான்ஸ் வாங்கும்போது பொண்ணோட டிசி ஜெராக்ஸ் ஒண்ணு வாங்கி வச்சுக்கச் சொல்லுங்க. எனக்கு வர்ற தகவல்ல நல்ல தகவல் நிறைய சமையல்காரங்ககிட்ட இருந்துதான் வருது, எந்த வீட்டுல எந்தத் தேதிக்கு எத்தன பேருக்கு இலைன்னு ஊர்லயே முதல்ல தெரியறது அவங்களுக்குத்தான். கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுக் கூட்டம் உங்க ஊர்ல நடக்குதான்னு பாருங்க, பஞ்சாயத்துத் தலைவர்தான் அதுக்குத் தலைவர், நடக்கலைன்னா நடத்தச் சொல்லுங்க.

கடைசியா, ஒரு நோட்டு போடுங்க. அதுல பேரு எழுதாதீங்க, தேதி மட்டும், எந்தப் பொண்ணுக்கு என்னிக்கு 18 முடியுதுன்னு. ஏன்னா நிறைய வீட்டுல அந்தத் தேதிக்காகத்தான் காத்திருப்பாங்க, முடிஞ்ச அடுத்த முகூர்த்தத்துலயே கட்டி வச்சிருவாங்க, அதுக்கு மேல சட்டத்த வச்சு நாம ஒண்ணும் பண்ண முடியாது. அதனால அந்தத் தேதிக்கு ரெண்டு மாசம் முன்னாடியே காலேஜ் அப்ளிகேஷனோட அந்த வீட்டுக்குப் போயிடணும். மஞ்சப் பை வீட்டுக்கு நான் ஒரு ஆடி மாசம் போனேன், அப்பா சூளைல இருந்து வரல, அம்மா மட்டும்தான் இருந்தாங்க, அப்ளிகேஷன்ல அம்மா கையெழுத்துப் போடுற இடத்துல அவங்க கைநாட்டு வச்சாங்க, அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து அம்மாவோட கட்டை விரல்ல இருந்த மையை தன் தாவணி நுனியால துடைச்சு விட்டுக்கிட்டு இருந்தா.